ஒண்டுமில்லை, விடு

டயர்க் கடைக்கும் பெரோகி விற்கிற கடைக்கும் நடுவே
எட்மன்டனில் என் காதுகளைப் பார்க்கிற இடம்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
உள்ளே ஒரு பெட்டி. அதற்குள் என்னை இருத்திக்
கதவைச் சாத்தினாள் ஒக்சானா.

சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும்.
கேட்காத இடங்களிலும் அழுத்தினேன்.
பழக்கதோஷம்.
வேலையிடத்தில் எல்லாரும் சிரித்தால்
அரை விநாடி பிந்திச் சிரிப்பேன்.
உதடு அசைந்தால் 'ஆமாம்' என்பேன்.
அப்படித்தான் போன ஆனியில்
தகப்பன் செத்துப்போனார் என்று வந்து சொன்னவளிடம்
'நல்லது, நல்லது' என்றேன்.
அதன் பிறகு மத்தியானச் சாப்பாடு
காருக்குள்தான்.

பிறகு சொற்கள்.
அவள் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.
ஐஸ்கிரீம் பிடிபட்டது.
இருபத்தொரு வருசத்தில் என் வாயில் ஒருநாளும் வராத
கௌபாயை மூன்று தரம் தவறவிட்டேன்.
காதின் பிழையா, மொழியின் பிழையா?
அந்தத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

கோடு வலப்பக்கம் போகப் போகச் சரிந்தது.
பனிச்சறுக்கு மேடு மாதிரி, என்றாள்.
சிரித்தேன், இந்தமுறை நேரத்துக்கு.

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
'கடைசியாக யாரோடு சண்டை பிடித்தீர்கள்?'

மூன்று வருசம் இருக்கும்.
சண்டைக்கும் காது வேண்டும்.
அடி எங்கே விழுந்ததென்று தெரியாமல்
எப்படித் திருப்பி அடிக்கிறது?
யோகதாசன் குசினியில் எதையோ சொல்வார்.
'என்ன?'
இன்னொரு தரம் சொல்வார்.
'என்ன?'
'ஒண்டுமில்லை, விடு.'

விட்டேன்.
சாப்பாட்டு மேசையில் ஒன்று, படுக்கையில் ஒன்று,
போனைப் பார்த்து மகன் வெடித்துச் சிரித்தபோது ஒன்று.
எல்லாரும் அன்பாய்த்தான் இருந்தார்கள்,
வாடகைக்கு வந்தவளோடு இருப்பதுபோல.

இதையெல்லாம் என் ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.
'சண்டை இல்லை' என்றேன்,
சொல்லும்போதே தொண்டை அடைத்தது.
அவள் டிஷ்யூப் பெட்டியைத் தள்ளவில்லை,
கணினியைப் பார்க்கவில்லை.
இருந்தாள்.

எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
காதாலும் கேட்கலாம், வாயாலும் கேட்கலாம்.
எனக்குக் கேட்காது என்று எல்லாருக்கும் தெரியும்.
என்னை ஒருவரும் கேட்கவில்லை.

கருவிகள் முந்திரிப் பருப்பளவு.
முதல் கிழமை நரகம்.
குளிர்ப்பெட்டி முனகிற்று, கடதாசி அலறிற்று,
என் செருப்பே என்னைத் துரத்திற்று.
கம்பளித் தொப்பியை இழுத்தால் விசில்,
மகன் கட்டிப்பிடித்தாலும் விசில்.
இரண்டு தரம் இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன்.
இரண்டு தரமும் ஒக்சானா சத்தத்தைக் குறைத்தாள்,
கோபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் தரம் அவரையும் கூட்டிப்போனேன்.
திரும்பி வருகையில் சிவப்பு விளக்கு.
சிக்னல் டிக், டிக் என்றது.
இவ்வளவு காலமும் இந்தக் கார்
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்ததா?
அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்து என்னவோ சொன்னார்.
'என்ன?'
'ஒண்டுமில்லை, விடு.'
'விடமாட்டன்.'
'அட, சின்ன விசயம்...'
'சின்னனோ பெரிசோ, சொல்லுங்கோ.
மூண்டு வருசக் கணக்கு இருக்கு.'

அவர் கத்தினார். நான் கத்தினேன்.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள், அதுவும் கேட்டது.

டோனட் கடை வாசலில் ஓரங்கட்டி,
முகத்தை முழுசாய் என் பக்கம் திருப்பிச்
சொல் சொல்லாக வைத்தார்:
எதிரே திரும்பின லாரியின் கூரையில்
ஒரு மேக்பை நின்றபடியே போனதாம்.
பஸ்ஸில் போற ஆள் மாதிரி.

அவ்வளவுதான்.
உண்மையாகவே ஒன்றுமில்லைதான்.
லாரியும் போய்விட்டது.

'எவ்வளவு தூரம் நிண்டது?' என்று கேட்டேன்.
'சந்தி மட்டும் நிண்டது' என்றார்.
'கால் வழுக்கேல்லையோ?'
'ஒருக்கா வழுக்கினது.'