விகுதி

சோமனூரில் கரண்ட் போன ராத்திரி.
தறிகள் நின்றதும் காது வலித்தது.
லேப்டாப்பில் பாதி சார்ஜ்,
முந்நூற்றுப் பதினாறு வாழ்க்கைக் குறிப்புகள்.
பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லணும்.

தங்கமணியில் முட்டிக்கொண்டேன்.
எங்கள் வீதியிலேயே மூன்று தங்கமணி:
ஒருவருக்கு மீசை,
ஒருவர் மாசமாக இருக்கிறார்.
குறிப்போ
பிறந்தார், படித்தார், மில்லில் சங்கம் கட்டினார் என்று
வரிக்கு வரி ஓர் 'ஆர்' போட்டு மூடியிருந்தது.

போட்டோ பார்த்து முடிவு பண்ணு என்றான் யுகேந்திரன்.
பார்த்தேன்.
தொப்பி. வெயில்.

மகிழ் பக்கம் வேறு மாதிரி.
தான் யாரென்று தானே சொல்லியிருக்கிறார், ஒரே வரியில்.
என் அட்டவணையில் அதற்கிருந்த கட்டம்
'மற்றவை'.
தறி நாடாவும் பாவு நூலும் உட்காருகிற 'வை'.

அழித்து 'மற்றவர்' என்றேன்.
யாருக்கு மற்றவர்?
அதையும் அழித்து
மகிழ் சொன்ன சொல்லையே தலைப்பில் வைத்தேன்.
ஒரே ஆளுக்கு ஒரு கட்டமா,
யுகேந்திரன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

தங்கமணிக்கு 'தெரியவில்லை'.
கருமத்தம்பட்டிதான் ஊர், வண்டியில் பத்து நிமிஷம்.
காலையில் போய்
ஏனுங், நீங்க... என்று ஆரம்பிக்கலாம்.

அதற்குமேல் எப்படிக் கேட்பது?
கரண்ட் வந்துவிட்டது.