போன வருஷத்து உறை

பதினொன்றரை மணிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.
ஒட்டிய உறை. மேலே என் கையெழுத்து:
தொக்ரே, மூன்றாம் மேசை, சிப்பிக் கொட்டகை.
போன டிசம்பர் கடைசி இரவில்
நானே எழுதி, நானே எச்சில் தொட்டு ஒட்டி
உம்முடைய பெட்டிக்குள் போட்டது.

தொங்யோங் துறையில் இன்றைக்குக் குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டது.
ஆலயத்தில் ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது.
நான் எரியாத பக்கம்.
பிரித்தேன்.

ஒன்று: வேதாகமம் முழுவதும், ஆதியிலிருந்து ஆமென் வரை.
இரண்டு: தினமும் விடியற்கால ஜெபம், ஐந்து மணி, தவறாமல்.
மூன்று: மல்சூனை மன்னிப்பது.
நான்காவதை எழுதி அடித்திருக்கிறேன்,
என்னவென்று எனக்கே புரியவில்லை.
உமக்குப் புரிந்தால் சரி.

லேவியராகமத்தில் நின்றேன், ஆண்டவரே.
தோஷம் பிடித்த வீட்டுச் சுவரை
ஆசாரியன் வந்து பார்க்கிற அதிகாரம்.
நாடா இன்னும் அங்கேதான் கிடக்கிறது.
பாவம் அந்த மனுஷன்,
பத்து மாதமாய் வாசலிலேயே நிற்கிறான்.

ஜெபத்துக்கு ஏழு நாள் வந்தேன்.
கொட்டகை நாலு மணிக்கே திறக்கும்.
சதைக்குக் கிலோக் கணக்கில் கூலி,
முழங்காலுக்கு இல்லை.
எட்டாம் நாள் அரிசிப் பானை என்னோடு பேசியது.
அது பேசினால் நான் கேட்பேன்.

மூன்றாவதைச் சொல்ல வேண்டாம்.
என் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கையில்
அவன் படகை விற்றுச் சாப்பிட்ட நாத்தனார் அவள்.
நாலு வருஷமாய் எனக்கு எதிரே நின்று சிப்பி உடைக்கிறாள்.
அவள் முகத்தைத் தவிர எல்லாம் எனக்கு மனப்பாடம்:
ஒட்டுப்போட்ட ரப்பர் பூட்ஸ்,
இடது கட்டைவிரல் வெடிப்பு,
மூச்சு விடும்போது வரும் அந்தச் சின்ன விசில்.
மன்னிப்பது என்று எழுதியிருக்கிறேன்,
உப்பு வாங்குவது என்று எழுதுகிற மாதிரி.

எழுதாத ஒன்று நடந்தது.
நவம்பரில் அவள் கத்தி மழுங்கி
ஓட்டின் மேல் கிறீச்சிட்டது.
பல் கூசி, பொறுக்காமல்தான்,
வேறு ஒன்றுமில்லை,
அவள் தேநீருக்குப் போன நேரம் பார்த்து
என் கல்லில் தீட்டி வைத்தேன்.
மறுநாளும்.
மூன்றாம் வாரம் கத்தி
என் கல்லுக்குப் பக்கத்தில் தானாகவே கிடந்தது,
கைப்பிடி என்னைப் பார்க்க.
நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.
இதைக் கணக்கில் சேர்ப்பீரோ மாட்டீரோ.

என் புருஷன் கயிறு இறக்குகிறவன்.
வெற்று ஓடுகளைக் கோத்துக் கடலில் தொங்கவிட்டு
கரையில் படுத்துத் தூங்குவான்.
தினம் தூக்கிப் பார்க்கிறவன் கயிற்றில்
பாசிகூடப் பிடிக்காது என்பான்.
அப்போது சோம்பேறி என்று திட்டினேன்.

புதுத் தாள் வந்துவிட்டது. நீல நிறம்,
ஒன்று முதல் பத்து வரை எண் போட்டே அச்சடித்திருக்கிறார்கள்.
முன்வரிசையில் கிதேக் பத்தையும் நிரப்பிவிட்டு
பின்பக்கம் திருப்புகிறான்.
எழுதட்டும், வயசு அப்படி.

எனக்கு மூன்று போதும்:
காலையில் உடைக்கும் முதல் சிப்பி,
அது வாய் திறக்கும் முன் உம்முடைய பெயர்.
கை கழுவும் நேரத்தில் ஒரு வசனம்,
ஆசாரியனை உள்ளே விட.
திங்கள் முதல் சனி வரை கத்தி இரண்டு.

மன்னிப்பு என்ற சொல்லை இந்த முறை எழுதவில்லை.
எழுதினால் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன்.

மல்சூன் ஹீட்டர் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்.
மடியில் அவளுடைய பழைய உறை, பிரிக்காமல்.
கட்டைவிரலில் தடியாய்ப் பிளாஸ்டர்,
ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிறாள்,
வரவில்லை.

மணி அடிக்க இன்னும் இரண்டு நிமிஷம்.
என் பையில் கத்தி இருக்கிறது.
இன்று காலை தீட்டியது.