சய ஒன்று தசம் இரண்டு

அனுமதிக் கடிதத்தில் முதலில்
'ரொக்கெற் ஓட்டம்' என்றுதான் எழுதியிருந்தேன்.
அதிபர் கண்ணாடியைக் கழற்றி
அந்தச் சொல்லின் மேலேயே வைத்தார்.
"வேறை சொல் இல்லையோ மிஸ்?
இது மூண்டு கந்தோருக்குப் போற கடிதம்."
இருந்தது.
'றப்பர் விசையால் இயங்கும் விசிறி ஓடம்.'
அதற்கு உடனே முத்திரை விழுந்தது.

சனிக்கிழமை. ஒட்டுசுட்டான். வலைப்பந்துத் திடல்.
இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம்வரை
நாலு தங்கூசி,
குருளைச் சாரணரின் நெஞ்சளவு உயரத்தில்.
அளம்பில் மீன் லொறியில் வந்த தங்கூசி;
இழுத்துக் கட்டக் கட்ட
கையில் கடல் மணத்தது.

கட்டி முடித்துத் திரும்புகையில்
என் கால் தானாக நின்றது.
குறுக்கே மெல்லிசாக எது ஓடினாலும்
நின்று பார்த்துவிட்டுத்தான் போகிற கால்.
நான் வாங்கியது, நான் முடிச்சிட்டது,
மிச்சத் துண்டு இதோ என் விரலில்
என்று அதற்குச் சொல்லவேண்டியிருந்தது.
அதற்குள் பெடியள்
குனிந்து குனிந்து அறுபது தரம் கடந்துவிட்டார்கள்.

உடம்பு சோடாப் போத்தல்.
விசிறி, யோகட் மூடியில் வெட்டியது.
தங்கூசியில் தொங்க இரண்டு துண்டு உறிஞ்சுகுழல்.
வயிற்றுக்குள் எட்டு றப்பர் வளையம்.
றப்பருக்குச் சவர்க்காரம்தான் பூசவேண்டும்;
ஒத்திகையில் தேங்காயெண்ணெய் பூசிய அட்சயனின் றப்பர்
விடியமுன்னம் கூழாகிக் கிடந்தது.

மின்சார சபை றெஜினோல்ட் துறப்பணம் கொண்டுவந்தான்.
பிடியை ஒருமுறை சுற்றினால்
முனை நாலுமுறை சுற்றும்.
"அப்ப நூற்றிருபது முறுக்குக்கு எத்தனை சுற்று?"
கணக்கு என்று தெரியாமலே எல்லாரும் கத்தினார்கள்:
"முப்பது!"

விட்டோம்.
தையல் மெசின் ஒன்று ஓடிப்போவதுபோல் ஒரு சத்தம்,
அவ்வளவுதான்.
முதல் நாலில் இரண்டு பாதியில் களைத்து நின்றன.
ஒன்று உறிஞ்சுகுழல் கழன்று
தலைகீழாகத் தொங்கியபடியே கடைசிவரை போனது;
அதற்குத்தான் கைதட்டல் கூட.
கோபிசாந்தின் மஞ்சள் போத்தல் ஒன்பது செக்கனில் முட்டியது.
கொம்பாசுப் பெட்டி அவனுக்கு.

பதினேழை நாலால் வகுத்தால்
மீதி ஒன்று.
மீதி, துசானிகா.
தன் துறப்பணத்தைத் தானே சுற்றுவேன் என்றாள்,
இடக்கையால், முப்பது சுற்று,
நாக்கை வெளியே நீட்டியபடி.
அவளுக்கு வசதியான பக்கம் சுற்றினாள்;
நானும் பார்க்கவில்லை, றெஜினோல்ட்டும் பார்க்கவில்லை.

கையை எடுத்தாள்.
விசிறி சுழன்றது.
ஓடம் ஒரு கணம் யோசித்தது,
பிறகு நேரே பின்னால் வந்து
என் சட்டைப் பொத்தானில் இடித்துக்கொண்டு
றப்பர் முடியுமட்டும் அங்கேயே உறுமியது.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.
சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.
"மிஸ், இதை ஓடினது எண்டு எழுதுறதோ,
ஓடேல்லை எண்டு எழுதுறதோ?"
றெஜினோல்ட் நேரக் கடிகாரத்தை நிறுத்தவேயில்லை.
நான் நாடாவால் அளந்தேன்.
தொடக்கக் கோட்டிலிருந்து என் பொத்தான்வரை
ஒன்று தசம் இரண்டு மீற்றர்.
எழுதி, அதற்கு முன்னால்
ஒரு சின்னக் கோடு இழுத்தேன்.

"இதென்ன கோடு?"
"சய."
அவளுக்கு நாலாம் வகுப்பு; சய எண் வர
இன்னும் வருசம் கிடக்கிறது.
தாளை முழுக்கப் பார்த்தாள்.
பதினாறு பேருக்கும் அந்தக் கோடு இல்லை.
"எனக்கு மட்டுமோ?" என்றாள்,
கொம்பாசுப் பெட்டி கிடைத்த குரலில்.

மாலையில் தங்கூசியை மாப்பேணியில் சுற்றி எடுத்தோம்;
இருட்டில் சைக்கிள்காரர் கழுத்துக்கு வரும்.
றப்பர் எண்ணினேன்.
கொடுத்தது நூற்று முப்பத்தாறு.
அறுந்தது ஆறு.
திரும்பியது நூற்றிருபத்தேழு.

மிச்சம் மூன்றையும் திங்கட்கிழமை
காலைப் பிரார்த்தனையில் கண்டேன்:
துசானிகாவின் பின்னலுக்கு ஒன்றாக இரண்டு,
இடது மணிக்கட்டில் ஒன்று,
இரண்டு சுற்று,
அவள் சுற்றும் பக்கமாக.