லோக்கோஜாவில் வெள்ளம்

பாலத்துக்குத் தெற்கே பதினோரு நாளாக நிற்கிறது
ஒக்போனோ மூட்டை ஏற்றிய லாரி.
ஓட்டுநர் தினமும் அழைத்துத் தண்ணீரின் அளவைச் சொல்கிறான்:
நேற்று முழங்கால்,
இன்று மறுபடி இடுப்பு.

இங்கே சொக்கோட்டோவில் மழை முடிந்து புழுதி கிளம்பிவிட்டது.
டப்பாவின் அடியைச் சுரண்டினேன்.
ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை.

காட்டுமாங்கொட்டைப் பருப்பு அது.
இடித்துச் செம்பனை எண்ணெயில் இளக்கினால்
குழம்பு நூல்விடும்.
நூல்விடாத குழம்புக்கு
என் கடை எதற்கு?

முதலில் வெண்டைக்காய்.
இழுத்தது, அவசரத்தில் போட்ட தையல் மாதிரி
பாதியில் விட்டது.
அடுத்த நாள் ஓட்ஸ்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.
டயர் கடை ஒக்வுதிலி தட்டைப் பார்த்துவிட்டு
"யாருக்குக் காய்ச்சல்?" என்றான்.

கரி விற்கும் ஹஜாராவுக்கு என் இக்போ தெரியாது.
எனக்கு அவள் ஹவுசா
விலை பேசுமளவுக்குத்தான்.
பழைய பால்பவுடர் டின்னில் கொண்டுவந்தாள்
சாம்பல்பச்சையாய் ஒரு தூள்:
கூக்கா. யானைப்புளிய மரத்தின் இலை.
கொட்டாதே என்று கையால் காட்டினாள்,
விரலிடுக்கில் தூவு,
மறுகை கலக்கியபடியே இருக்கட்டும்.

நான் கொட்டினேன்.
தவளைக்குஞ்சுகள் போலக் கட்டி கட்டியாய் மிதந்தது.
அவள் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டாம் பானை.
புகையில் வாட்டிய கெளுத்தி, மிளகாய்,
மேலே பொடிமழையாய் அந்தத் தூள்.
கரண்டியைத் தூக்கினேன்.
இழை வந்தது
முழங்கை உயரத்துக்கு, பிறகு தோள் உயரத்துக்கு,
அறமாட்டேன் என்றது.
நிறம் மட்டும் எங்கள் ஊர் நிறம் இல்லை.
வாசம், வெயிலில் மறந்துபோன துணி.

ஒக்வுதிலி ஒரு கவளம் தோய்த்து விழுங்கினான்.
மோவாயில் தொங்கிய நூலை விரலில் சுற்றி அறுத்தான்.
"இது அது இல்லை."
நான் துடைத்த கரண்டியையே துடைத்துக்கொண்டிருந்தேன்.
"இன்னொரு உருண்டை போடு."

காசு வாங்கும்போதுதான் உறுத்தியது.
பலகையில் இன்னும் ஒக்போனோ என்றே இருந்தது.
ஈரத்துணியால் அழித்தேன்.
கூக்கா என்று எழுதினால் ஹஜாரா சிரிப்பாள்,
அவள் வீட்டுப் பானையில் கெளுத்தி நீந்துவதில்லை.
சுண்ணக்கட்டியோடு கொஞ்சநேரம் நின்றுவிட்டு
'இழுக்கும் சாறு' என்று எழுதினேன்,
இருநூறு நைரா குறைத்து.

இருட்டும் நேரம் ஓட்டுநர் அழைத்தான்:
தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது,
விடிந்ததும் கிளம்பலாமாம்.
ரோடு வழுக்கும்,
மெதுவாகவே வா என்றேன்.