நாற்பதுக்குக் கீழே

முதலில் நேர்கோடாகத்தான் செய்தேன்.
சுழியத்தில் ஒரு கீஃப்ரேம், இருநூறு நாட்டில் ஒரு கீஃப்ரேம்,
நடுவில் இருப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று விட்டேன்.
பார்த்துக்கொண்டது.
அறுபதில் பறந்த விமானத்தை
எழுபது என்றது முள்.
அதை நம்பி மூக்கைத் தூக்கிய ஒருவர்
பின்லாந்தில், தன் படுக்கையறையில்,
கம்பளி போர்த்தியபடியே விழுந்து நொறுங்கினார்.
கோபமில்லாமல் எழுதியிருந்தார்:
இறக்கைக்குத் தெரிந்தது முள்ளுக்குத் தெரியவில்லை.

அவர் அனுப்பிய படத்தைத் திரை கொள்ளுமட்டும் பெரிதாக்கினேன்.
தண்டையார்பேட்டை, இரண்டாவது மாடி,
ஃபேன் காற்றில் மணலி வாசனை.
நாற்பது வரை அந்த முகப்பில் ஒன்றும் எழுதவில்லை.
நாற்பதிலிருந்து நூறு வரை
எண்கள் காலை நீட்டிப் படுத்திருக்கின்றன.
நூற்று நாற்பதைத் தாண்டினால்
எட்டரை மணி மின்ட் பஸ்.

நிவேதாவின் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து
கோணமானியைத் திரைமேல் வைத்து அளந்தேன்.
நாற்பதுக்கு முப்பத்தொரு டிகிரி.
அறுபதுக்கு எழுபத்திரண்டு.
எண்பதுக்கு நூற்று இருபத்தொன்று, அல்லது இரண்டு,
கண்ணாடியில் யாருடைய விரல் ரேகையோ மறைக்கிறது.

சார்ஜர் கேட்டு மேலே வந்தார் சேவியர்.
கீழ்வீடு. தண்ணி லாரி.
"முள்ளு ஆட்றதுக்கா துட்டு தர்றான்?"
தருகிறார்கள் என்றேன்.
"என் வண்டி டீசல் முள்ளு கீதே,
திருவொத்தியூர் தாண்டுற வரைக்கும் ஃபுல்லுலயே குந்திகினு இருக்கும்.
அப்பால பாதி.
பாதின்னா கால்னு வச்சிக்கணும்.
கால்னா எறங்கித் தள்ளணும்."

அவர் போன பிறகு
புதிதாக ஓர் அட்டவணை திறந்தேன்.
இடப்பத்தியில் சேவியருக்குத் தெரிந்தது,
வலப்பத்தியில் முள் சொல்வது.
எரிபொருள் மானிக்கு யாரும் படம் அனுப்பவில்லை,
ஆகவே அந்த விமானத்தின் வலது டாங்க்கில்
எண்ணூர் நெடுஞ்சாலை ஓடுகிறது.
அசலைப்போலவே பொய் சொல்கிறது என்று
பின்லாந்திலிருந்து மகிழ்ச்சி.

நான் விமானத்தில் ஏறியதில்லை.
ஓடுதளத்தில் சக்கரம் உருளத் தொடங்கியும்
முள் சற்று நேரம் செத்துக் கிடக்கும் என்கிறார் அவர்.
காற்று போதாது அதற்கு.
இருபது போகிறோம், முப்பது போகிறோம்,
முகப்பைக் கேட்டால் நிற்கிறோம்.
பிறகு ஒரு நடுக்கம்.
அந்த நடுக்கத்தைப் பார்த்ததும்
சத்தமாகச் சொல்ல வேண்டுமாம்: உயிர் வந்தது.
தனியாக இருந்தாலும் சொல்வாராம்.

நேற்று கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டேன்.
ஒரு சரக்கு ரயில், பின்னால் இன்னொன்று,
பெட்டி எண்ணுவதை விட்டுவிட்டேன்.
முன்னால் ஒரு மீன் டிரைசைக்கிள்
ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டிருந்தது.
கேட் தூக்கியதும் எல்லோரும்
காலால் உந்தி உந்தி நகர்ந்தோம்.
என் வண்டி முள் ஆணிமேல் சாய்ந்தபடி இருந்தது.
தண்டவாளம் ஏறி இறங்குகையில்
ஒரே ஒரு குதி.
பன்னிரண்டைத் தொட்டது,
வெட்கப்பட்டதுபோல் திரும்பிப் படுத்தது.

அந்தக் குதியை நான் இன்னும் செய்யவில்லை.
ராத்திரி கரன்ட் இருந்தால் பார்க்கணும்.