கவ்வாத்து வருடம்

எங்கள் பக்கம் பேர் என்றால் கூலி.
நிறை எட்டினால் முழுப் பேர்,
எட்டாவிட்டால் அரைப் பேர்.
நான் எழுதிய நிரலின் நன்றிப் பட்டியலில்
முதல் வரியே என் பேர்தான்.
அதைக் கொண்டுபோய்த்
தலவாக்கலை மின்சாரக் கந்தோரில் நீட்டினால்
அரைப் பேருக்கும் ஆகாது.

'நிறுவை' என்று வைத்தேன் அதற்கு.
தராசு முப்பத்திரண்டு காட்ட,
துண்டில் ஏன் இருபத்தொன்பது விழுகிறது என்று
யோகமலர் கேட்ட மாதம் எழுதியது.
தண்ணிக்குக் கழித்தது, சாக்குக்குக் கழித்தது,
எல்லாம் தனித்தனி வரியாய்
அவள் போனிலேயே தெரியும்.
அவ்வளவுதான் அது செய்யும்.
யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று
கதவைத் திறந்து வைத்தேன்.

எடுத்தார்கள்.
கொட்டகலைப் பால் சங்கம் கிலோவை லீட்டராக்கக் கேட்டது.
வால்பாறையிலிருந்து ஒருவர் அவர்கள் ஊர்க் கூலிக்கணக்கு கேட்டார்.
மஸ்கெலியாவில் சிங்களத்தில் கேட்டார்கள், நியாயம்தான்.
கென்யாவில் ஒரு கம்பனிக்கு
வட்ட வட்டமாய் வரைபடம் வேண்டுமாம்.
கடிதத்தின் அடியில் மூன்று சான்றிதழ் முத்திரை,
அதற்கு மேலே "அவசரம்".
டொரொன்டோவிலிருந்து ராஜசெல்வம் என்பவர்
ஐம்பது டொலர் அனுப்பி
திரை கறுப்பாக வேண்டும் என்றார்.
ஐம்பது டொலர்! கறுப்பாக்கினேன்.
கறுப்பில் சிவப்பு எழுத்துத் தெரியவில்லை என்று
இன்னும் பதினொரு பேர் எழுதினார்கள்.

மாதத்தில் முப்பத்தொன்று வந்தால்
ஒரு தசமம் நழுவும்.
எனக்கு மட்டும் தெரிந்த ஓட்டை.
அடியில் கிடக்கும் பழைய தேதிக் கணக்கை எழுதிய ஆள்
பின்லாந்தில் எங்கோ;
பதில் போடுவதை நிறுத்தி மூன்று வருடம்.
அவரிடமும் யாராவது கறுப்புத் திரை கேட்டிருப்பார்கள்.
இதைச் சரிபார்க்கக் காசு தர ஆளில்லை.
ஒழுகாத கூரையை யார் அண்ணாந்து பார்க்கிறார்?

பகலில் ஒரு கொமியூனிகேஷனில் நிற்கிறேன்:
போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் விண்ணப்பம்.
கடை பூட்டியபின்
நூற்றி நாற்பத்திரண்டு கோரிக்கை.

லிந்துலை வளைவில் ஒருநாள் பஸ் பழுதாகி நின்றது.
ஜன்னலில் ஒரு மலை முழுக்க மொட்டை.
வெட்டி ஒரு வாரம் இருக்கும்,
பாசி சுரண்டிய தண்டுகள்
மழையில் எலும்பு மாதிரி.
ஒரு கூடைக்கும் அங்கே வேலையில்லை.
ஆனாலும் வெட்டினவனுக்குப் பேர் போட்டிருப்பார்கள்.
கொழுந்தே இல்லாத மலைக்கு
முழுப் பேர்.

அன்றிரவு முகப்பில் எழுதினேன்:
இந்த வருடம் கவ்வாத்து.
புதுக் கொழுந்து கேட்க வேண்டாம்.
வெட்டுக்கூலி தரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

கென்யாக் கம்பனி வருந்தியது:
அவர்கள் பட்ஜெட்டில் பராமரிப்பு என்று ஒரு தலைப்பே இல்லையாம்.
வால்பாறைக்காரர் கோபித்துப்
பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்.
போகட்டும், அதற்குத்தானே திறந்த கதவு.
பால் சங்கம் மட்டும் கூட்டம் போட்டு
மாதம் நாலாயிரம் என்று தீர்மானம் எழுதியது.
பொருளாளர் மரியநேசம் போனில் சொன்னார்:
"டாங்கி கழுவுறவனுக்கும் சம்பளம் குடுக்கிறோம் தங்கச்சி.
கழுவினா பால் கூடுமா?
லீட்டர் பிறகு பார்ப்போம்."

நாலாயிரம் சேர்வர் வாடகைக்குச் சரி.
என் அறை வாடகை அப்படியே நிற்கிறது.
ஆனாலும் அடுத்த முப்பத்தோராம் தேதி
தசமம் நழுவவில்லை.
யாரும் கவனிக்கவில்லை,
கவனிக்காததுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம்.

ஒன்றாம் தேதி காலை
யோகமலரிடமிருந்து ஒரு செய்தி:
"அக்கா, மலையில வெயிலடிச்சா நம்பர் தெரியுதில்ல,
கொஞ்சம் பெரிசாக்க ஏலாதா?"

'இந்த வருடம் கவ்வாத்து' என்று தட்டினேன்.
அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.
இன்னும் அனுப்பவில்லை.