அரைப்பேர்

அட்டன் டவுனில் மூடிப்போன கொமினிகேஷன் கடையிலிருந்து
கைமாறி வந்த கம்ப்யூட்டர்.
திறந்து பார்த்தால் உள்ளே கரப்பான் முட்டை,
விசிறியில் யாருடையதோ தலைமுடி.
துடைத்து, ஒரு டிவி கார்டைச் சொருகி,
டிஷ் வயரைக் கூரைத் தகரத்து ஓட்டையால் இறக்கினேன்.
ஐந்தாம் நம்பர் லயத்தில்
எச்டியில் படம் பதிகிற ஒரே காம்பிரா எங்களுடையது.
சொன்னால் தவமலர் சிரிப்பாள்:
"கூரை ஒழுகுற காம்பிராவும் இதுதான்."

மூன்று கிழமைக்கு முன்
ஆறாம் நம்பர் மலைக்குக் கேமராக்காரர்கள் வந்தார்கள்.
தும்பி மாதிரி ஒன்றைத் தலைக்கு மேல் பறக்கவிட்டு
சிரிக்கச் சொன்னார்கள்.
கொழுந்து நிறுக்கிற இடத்திலும் கொஞ்சம் எடுத்தார்களாம்.
அன்றைக்குத்தான் அவளுக்கு அரைப்பேர் விழுந்தது.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
அட்டையில் பதினாறு.
"கூடத்தான் இருந்துச்சு" என்றாள் இரவு,
ரொட்டியைக் கல்லில் திருப்பிக்கொண்டே,
ரொட்டியிடம் சொல்வது போல.

ஞாயிறு ஒன்பதரைக்கு ஒளிபரப்பு.
இடம் போதாது என்றது கம்ப்யூட்டர்.
எச்டி அப்படித்தான், யானை மாதிரி தின்னும்.
எதை அழிக்க?
மூன்று வருடமாய்த் திறக்காத தேர்த் திருவிழா,
கடைசி ஓவர் வரை போன அந்த மேட்ச்.
சாமியைத் தொடப் பயம்.
மேட்சை அழித்தேன். இப்போதும் வயிறு எரிகிறது.

ஒன்பது நாற்பதுக்கு அடித்தது மழை.
சிக்னல் அறுபத்திரண்டு, ஐம்பது, முப்பத்தெட்டு.
தேயிலை மலை சதுரம் சதுரமாய்ப் பெயர்ந்து விழுந்தது.
ஓடிப்போய் டிஷ்ஷுக்குக் குடை பிடித்தேன்,
நான் நனைந்துகொண்டு.
அதனால்தானோ, மழைதான் விட்டதோ,
உள்ளே மறுபடி புல்லாங்குழல் கேட்டது.
நிகழ்ச்சியை நான் பார்க்கவேயில்லை.
பதிவுதான் பார்த்தது.

பிறகு ஓட்டிப் பார்த்தோம்.
பச்சைக் கம்பளம் என்றது ஒரு குரல்.
மூடுபனி. அருவி. பல் தெரியச் சிரிக்கும் பக்கத்து வீட்டு யோகராணி.
கடைசியில், பதினொரு செக்கன், நிறுவை.

நிறுத்தினேன்.
நிறுத்திய படத்தில் அசைகிற எதுவும்
சீப்புப் பல்லாய்க் கிழியும்,
ஒற்றை வரிக்கு ஒரு கணம், இரட்டை வரிக்கு அடுத்த கணம்.
பேனா பிடித்த கணக்கப்பிள்ளையின் கை
அப்படித்தான் கிழிந்திருந்தது.
தராசு அசையவில்லை.
நீல நூல் கட்டிய அவள் சாக்கு.
சிவப்பு எழுத்தில் இருபது தசம் நாலு.
சாக்குக்கும் தண்ணிக்கும் இரண்டு போனாலும்
பதினெட்டு தசம் நாலு.

"பார்த்தியா!" என்று கத்தினேன்.
அவள் அதைப் பார்க்கவில்லை.
"கீழே போ. இன்னும் கிட்ட."
திரை நிறைய அவள் குதிகால்.
வெடிப்புக்குள் மண், மண்ணுக்குள் ஈரம்.
"இவ்வளவா?" என்றாள்.
பழைய டிவியாக இருந்தால் வெறும் கறுப்புத் தீற்றல்.

வெட்டியெடுத்த துண்டைச் சேமிக்கப்போக
என்ன பேர் என்று கேட்டது கம்ப்யூட்டர்.
தவமலர் என்று அடித்தேன்.
"எங்கப்பா பேரையும் போடு," என்றாள்,
"முழுப்பேராப் போடு."

காலையில் பென்டிரைவோடு ஆபீசுக்குப் போனோம்.
துரை இல்லை. கிளாக்கர் நல்ல மனுசன், செருகிப் பார்த்தார்.
அந்தப் பழைய மெஷினில் படம் ஓடவில்லை.
கறுப்புத் திரை.
சத்தம் மட்டும் வந்தது, பதினொரு செக்கன்,
அதே புல்லாங்குழல்.
வாசலில் நின்ற கணக்கப்பிள்ளை தலையாட்டி ரசித்தார்.

வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன்.
நாற்பத்தொரு சதவீதம்.
விசிறி லொறி மாதிரி ஏறுகிறது.
பல்பு ஒருதரம் மங்கி எழும்ப,
கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
எதைப் பிடிக்கவென்று தெரியாமல்.
அவள் தூங்கிவிட்டாள்.
கம்பளிக்கு வெளியே குதிகால்.
இவ்வளவு கிட்ட இருந்தும்
அவ்வளவு தெளிவாக இல்லை.